விதை மல்லி

டாக்கோ என்றால் என்னவென்று ஆராயிக்குத் தெரிந்தே மூன்று வாரம்தான் ஆகிறது. மக்காச்சோள மாவில் மொறுமொறுவென்று ஒரு சப்பாத்தி, அதை மடித்து உள்ளே கொத்துக்கறி, மேலே தக்காளி, வெங்காயம், கொஞ்சம் சீஸ். இதைத் தின்னவா காரெடுத்துக்கொண்டு இத்தனை கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறார்கள் என்று அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் ருசியெல்லாம் கறிக்குப் போடுகிற பொடியில்தான் இருக்கிறது என்று சுஜாதா சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. பொடி அவளுக்குப் புரிந்த சங்கதி.

குப்பனூர் ரோட்டில் காப்பித் தோட்டத்துக்குள் இருந்த அந்த ஹோம்ஸ்டேயில் அவள் சமையலுக்குச் சேர்ந்து நான்கு மாதம். நடத்துகிற சுஜாதா சேலத்துக்காரர். எதையும் வாட்ஸ்அப்பில் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் அவரிடமிருந்து வந்த செய்தியில் இருந்தது இதுதான்: நாளை மதியம் பதினொரு பேர், எட்டு வயசுப் பெண்ணுக்குப் பிறந்தநாள், அவளுக்கு டாக்கோதான் வேண்டுமாம், ஆர்டர் போட்ட மசாலா பாக்கெட் வந்து சேரவில்லை, இங்கே மிக்ஸியும் படுத்துவிட்டது, நீங்களே வீட்டில் அரைத்து எடுத்து வாருங்கள். கடைசியில் ஒரு கும்பிடு பொம்மை.

காலையில் ஐந்து மணிக்கே எழுந்துவிட்டாள். வெளியே சாரல். கரண்ட் இல்லை. செல்போன் டார்ச்சை அடுப்புத் திட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு, நீட்டு மிளகாயைக் கிள்ளி விதையை உதறினாள். காரம் குறைய வேண்டும், நிறம் மட்டும் நிற்க வேண்டும் என்பது சுஜாதாவின் கணக்கு. சீரகம் இருந்தது. வெங்காயமும் பூண்டும் சீவி அடுப்புக்கு மேலே காயவைத்தது ஒரு டப்பா இருந்தது. ஓரிகானோ என்ற இலைத்தூள் வேண்டும். பீட்சா அட்டைப்பெட்டிகளோடு வருகிற சின்னச் சின்னப் பொட்டலங்களைச் சுஜாதா ஒன்றுவிடாமல் சேர்த்துக் கொடுத்திருந்தார். மல்லி டப்பாவைத் திறந்தால் அடியில் தூசிதான் கிடந்தது.

ஒண்டிக்கடை முக்கில் மளிகைக்கடை திறக்க ஒன்பது மணியாகும். ஏழரைக்கெல்லாம் அவள் வேலையில் நிற்க வேண்டும். பரண்மேல் ஒரு சட்டியில் அவள் புருஷன் அங்கப்பன் விதைக்கு வைத்திருந்த மல்லி இருந்தது. அவன் விடிவதற்கு முன்பே எஸ்டேட்டில் நிழல் மரங்களின் கிளை கழிக்கப் போயிருந்தான். அவள் சட்டியை இறக்கினாள். மூடியைத் திறக்கும்போது கை ஒரு நிமிஷம் தயங்கியது. விதைக்கு வைத்ததை வாயில் போடுவதில்லை. அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லித்தராமலே இருந்த கட்டுப்பாடு அது. சாயங்காலம் ஒண்டிக்கடையில் வாங்கிவந்து, இரண்டாகத் தேய்த்து, சாம்பல் பிசறி, பழையபடி நிரப்பிவிட்டால் அவனுக்குத் தெரியவா போகிறது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

இரண்டு கை அள்ளினாள். ஒவ்வொரு மல்லியும் முளைப்பதற்கு வாகாக இரண்டாக உடைந்து கிடந்தது. மேலெல்லாம் சாம்பல் நிறத்தில் பொடி. பூச்சி அண்டாமல் இருக்க அங்கப்பன் அடுப்புச் சாம்பலைப் பிசறித்தான் விதை வைப்பான். அவனுடைய அப்பனும் அப்படித்தான் வைத்தார். முறத்தில் போட்டுப் புடைத்தாள். பொடி பறந்தது. வாணலியில் போட்டு வறுத்தபோது தொண்டையைப் பிடிக்கிற மாதிரி ஒரு நெடி வந்தது. இருமினாள். மிளகாய் நெடி என்று நினைத்துக்கொண்டாள். ஆறு மணிக்குக் கரண்ட் வந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாய் அரைத்து, உப்புப் போட்டு, பாட்டிலில் அடைத்தாள். செக்கச்செவேலென்று வந்திருந்தது. ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கே பெருமையாக இருந்தது.

பிறந்தநாள் பெண் பெயர் பவித்ரா. முன்பல் இரண்டு விழுந்திருந்தது. வந்த பெரியவர்கள் எல்லாம் புல்வெளியில் பலூன் கட்டிக்கொண்டிருக்க, இவள் மட்டும் சமையலறையை விட்டு நகரவில்லை. ஆராயி கறி வதக்குவதை மேடைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆன்ட்டி, எனக்குத்தானே பர்த்டே. நான்தானே ஃபர்ஸ்ட் சாப்பிடணும்?”

“ஆமா கண்ணு. நீதான் மொதல்ல.”

பன்னிரண்டு மணிக்கு ஒன்று மடித்துக் கொடுத்தாள். சாறு முழங்கையில் ஒழுக ஒழுகத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள் பவித்ரா. அதையும் கொடுத்தாள். அது பாதி உள்ளே போயிருந்தபோது ஆராயியின் செல்போன் அடித்தது. இரண்டு கையிலும் மாவு. புறங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏ ஆராயி, வெதைச் சட்டியில மல்லி கொறையுதே. நீ எடுத்தயா?” அங்கப்பன்தான். மழை பெய்து மண் நனைந்ததும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு விதைக்க வந்திருக்கிறான்.

மாட்டிக்கொண்டோம் என்று நாக்கைக் கடித்தாள். “ரெண்டு கை எடுத்தனுங்க. சாயந்தரம் வாங்கியாந்து போட்டுடறேன்.”

“எடுத்து?”

“வறுத்துப் பொடி அரைச்சேன்.”

 அவன் குரல் அவள் இதுவரை கேட்டிராத மாதிரி வந்தது. “அது சாம்பல் இல்ல புள்ள. போன வருசம் மொளச்சதெல்லாம் அழுவிப் போச்சுன்னு இந்தத் தடவ கடையில மருந்து வாங்கிப் பெரட்டி வெச்சேன். யாராச்சும் தின்னுட்டாங்களா?”

லைன் அறுந்தது. அந்தத் தோட்டத்தில் சிக்னல் வருவதும் போவதும் மேகத்தின் இஷ்டம்.

 காலையில் தொண்டையைப் பிடித்த நெடி இப்போது மறுபடி ஆராயியின் மூக்கில் ஏறியது. திரும்பினாள். பவித்ராவின் கையில் பாதி டாக்கோ. பாய்ந்துபோய் அதைப் பிடுங்கினாள். குழந்தை மிரண்டுபோய்ப் பார்த்தது.

“மருந்துன்னா என்ன ஆன்ட்டி?”

இந்த இடத்தில் ஆராயி செய்ததை நியாயம் என்று சொல்ல முடியாது. பயம் வந்தால் வாய் முந்திக்கொள்கிறது, மனசு பின்னால்தான் வருகிறது. வேலை போய்விடும், போலீஸ் வரும், மலைக்காரி விஷம் வைத்துவிட்டாள் என்று பேப்பரில் போடுவார்கள், அங்கப்பனைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று ஒரே நொடியில் எல்லாம் ஓடி முடிந்தது. அவள் மண்டியிட்டுக் குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“கண்ணு, போன்ல பேசுனத யாருகிட்டயும் சொல்லாத சாமி. கறியில பல்லி உழுந்துருச்சுன்னு சொல்லிக்கலாம். ஆன்ட்டிக்காக.”

“சீக்ரெட்டா?”

“ஆமா.”

பவித்ரா யோசித்தாள். பிறகு எண்ணெய்க் கையை நீட்டி அவள் உள்ளங்கையில் அடித்தாள். “ப்ராமிஸ்.”

பல்லி என்ற ஒரு சொல்லுக்கு இருக்கிற மதிப்பு வேறெதற்கும் கிடையாது. புல்வெளியில் போய் அதைச் சொன்னதுதான் தாமதம், ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சட்டியோடு கறியைக் குழிதோண்டிக் கொட்டினாள் ஆராயி. பொடிப் பாட்டிலையும் அதிலேயே கவிழ்த்தாள். பவித்ரா ஒன்றரை தின்றிருக்கிறாள் என்றதும் அவள் அம்மா சிவரஞ்சனி தெரிந்த டாக்டருக்குப் போன் போட்டாள். பல்லி விஷமெல்லாம் இல்லை, பயந்து வாந்தி எடுத்தால்தான் உண்டு என்று அவர் சிரித்தாராம். எல்லோரும் சிரித்தார்கள். அவசரத்துக்கு எலுமிச்சை சாதம் கிளறினாள் ஆராயி. உப்புப் போட்டோமா இல்லையா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

சுஜாதா சமையலறைக்கு வந்து அவள் தோளைத் தொட்டார். “இன்னொருத்தியா இருந்தா பல்லியத் தூக்கி எறிஞ்சிட்டு அப்படியே பரிமாறியிருப்பா. நீங்க வந்து சொன்னீங்க பாருங்க, நொம்பப் பெரிய விசயம் ஆராயி.”

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் இரண்டே வேலை. ஜன்னல் வழியாகப் பவித்ராவைப் பார்ப்பது. தன் உடம்பைப் பார்ப்பது. காலையில் அவளும் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தாளே. தலை சுற்றுகிறதா? நாக்கு மரத்திருக்கிறதா? கண் இருட்டுகிறதா? ஒன்றுமில்லை என்று தோன்றிய அடுத்த நிமிஷமே எல்லாம் இருப்பதுபோலத் தோன்றியது. தனக்கு வருவதாக இருந்தால் முதலில் வந்துவிடட்டும், குழந்தைக்கு வேண்டாம் என்று மலைச்சாமி சேர்வராயனிடம் வேண்டிக்கொண்டாள். அவர்கள் ஊரில் ஒருவன் தோட்டத்துக்கு வாங்கிய மருந்தைக் குடித்து மூன்று நாள் கிடந்து போனான். அவன் வாயோரத்து நுரை இத்தனை வருஷம் கழித்து வந்து அவள் கண்முன் நின்றது. அங்கப்பனுக்கு ஏழு தடவை போன் அடித்தாள். ஏழு தடவையும் போகவில்லை.

கேக் வெட்டினார்கள். பவித்ரா ஓடினாள், ஊஞ்சலாடினாள். ஆராயிக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. புடைத்ததில் பாதி மருந்து பறந்திருக்கும், வறுத்ததில் மீதி போயிருக்கும், ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு மணிக்கு ஊஞ்சல் நின்றது. குழந்தை இறங்கிவந்து அம்மா மடியில் சுருண்டு படுத்தது. இரண்டேகாலுக்கு வாந்தி எடுத்தது.

“பல்லி பல்லின்னு எல்லாரும் சொல்லிப் பயம் காட்டிட்டோம்,” என்றாள் சிவரஞ்சனி. ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. இரண்டாவது தடவையும் வாந்தி வந்ததும் கார்ச் சாவியை எடுத்தாள். டவுனில் க்ளினிக் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. “ஆராயி, நீங்க கூடப் போய் வழி காட்டுங்க,” என்றார் சுஜாதா.

சிவரஞ்சனிதான் ஓட்டினாள். பக்கத்தில் ஆராயி, அவள் மடியில் குழந்தை. பனி இறங்கி ரோடு பத்தடிக்கு மேல் தெரியவில்லை. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே போனார்கள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று ஆராயியின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். வளைவு வரும், போகும். மடியில் குழந்தையின் நெற்றி சில்லிட்டு வேர்த்திருந்தது. ஒருதடவை வாயைத் திறந்தேவிட்டாள்.

“ஏனுங்க...”

“என்ன?” என்று கேட்டாள் சிவரஞ்சனி, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல்.

“லெஃப்ட்டுல திரும்போணுங்க.”

அந்த நிமிஷம் அவள் தன்னையே வெறுத்தாள். ஆனாலும் வாய் மூடியேதான் இருந்தது.

டாக்டர் ஜெயகுமாரிக்கு ஐம்பது வயசிருக்கும். குழந்தையைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கினார், கண்ணை விரித்து டார்ச் அடித்தார். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். பல்லி கதையைச் சிவரஞ்சனி சொன்னாள். டாக்டர் தலையாட்டினார்.

“பல்லியால இப்படி ஆகாதும்மா. கேக் ஒத்துக்காம இருக்கலாம், பயமும் இருக்கும். வாந்தி நிக்க மருந்து தர்றேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.” எழுதுவதற்குக் குனிந்தவர் என்ன தோன்றியதோ, குழந்தையிடம் திரும்பினார். “பாப்பா, நீயே சொல்லு. பல்லியைத் தவிர வேற எதையாவது வாயில வெச்சியா? திட்ட மாட்டேன்.”

பவித்ரா டாக்டரைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற ஆராயியைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. ஆனால் கண்ணில், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல ஒரு உறுதி.

“இல்ல டாக்டர். பல்லிதான்.”

 போலீஸ், பேப்பர், வேலை, அங்கப்பன் எல்லாமே ஆராயியின் மனசிலிருந்து எங்கோ போய்விட்டன. எட்டு வயசுக் குழந்தை தன் உயிரை அவளுக்காகக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டிருந்தது.

“பொய்யுங்க,” என்றாள்.  டாக்டர் மேஜைப் பக்கம் வந்து நின்றாள். “பல்லியே உழுவல. நான் சொல்லச் சொன்னனுங்க. பொடிக்குப் போட்ட மல்லி, வெதைக்கு வெச்ச மல்லி. எங்கூட்டுக்காரரு அழுகல் வராம இருக்க மருந்து பெரட்டி வெச்சிருந்தாரு. நான் சாம்பல்னு நெனச்சு வறுத்து அரைச்சுப் போட்டேன். பன்னண்டு மணிக்கே எனக்குத் தெரியுமுங்க.”

பேனா மேஜைமேல் விழுந்தது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் ஆராயிக்கு வரிசையாக நினைவில்லை. டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டார். எவ்வளவு மல்லி, எத்தனை பேருக்கான கறி, குழந்தை எவ்வளவு தின்றாள் என்று அடுக்கடுக்காகக் கேட்டார். மருந்தின் பெயர் என்ன என்றார். தெரியாது என்றாள். டவுனில் சிக்னல் இருந்தது. அங்கப்பனுக்குப் போன் போயிற்று. அவன் ஏற்கெனவே மருந்து பாக்கெட்டை எடுத்துக்கொண்டு, பஸ் கிடைக்காமல் ஹோம்ஸ்டேயைப் பார்க்க மழையில் ஓடிவந்துகொண்டிருந்தான். ஆங்கிலம் படிக்கத் தெரியாததால், பாக்கெட்டில் இருந்த எழுத்துகளின் உருவத்தை ஒவ்வொன்றாகச் சொன்னான். எழுத்தை எழுத்தாகவே டாக்டர் தாளில் எழுதிக்கொண்டு, சேலத்தில் யாரிடமோ பேசினார். பேசி முடிக்கிறவரை அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. ஆராயி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“பூஞ்சாண மருந்து,” என்றார் கடைசியில். “பூச்சி மருந்தா இருந்திருந்தா இந்நேரம் நாம இங்க உட்கார்ந்து பேசிட்டு இருக்க மாட்டோம். உள்ள போனதும் கொஞ்சம்தான். ட்ரிப்ஸ் போடறேன். சாயந்தரம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும். பல்ஸ் கொஞ்சம் மாறினாலும் சேலத்துக்கு அனுப்பிடுவேன்.”

சிவரஞ்சனி கத்தவில்லை. அடித்துவிடுவாள் என்று ஆராயி எதிர்பார்த்து நின்றாள், அதுவும் இல்லை. ஆராயியின் முகத்தைப் பார்க்காமலே சிவரஞ்சனி கேட்டாள்.

“வழி பூரா என் பக்கத்துலதானே உட்கார்ந்து வந்தீங்க?”



அரைமணிக்கு ஒருதரம் நர்ஸ் உள்ளே போய்க் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தார். ஒவ்வொரு தரமும் அவர் வெளியே வருகிறவரை ஆராயி பெஞ்சை விட்டு எழுந்து நின்றாள். மூன்றரைக்கு அங்கப்பன் நனைந்த கோழியாட்டம் வந்து சேர்ந்தான். பாக்கெட்டை இரண்டு கையாலும் டாக்டரிடம் நீட்டினான். வெளியே வந்து அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான். “நான் உன்கிட்டச் சொல்லியிருக்கோணும்,” என்றான். “நான் உங்களக் கேட்டிருக்கோணும்,” என்றாள் அவள்.  நாலு மணிக்குச் சுஜாதாவிடமிருந்து செய்தி வந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று இருந்தது. கும்பிடு பொம்மை இல்லை. படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். மத்தியானம் இதற்குப் பயந்துதானே அத்தனையும் செய்தோம் என்று நினைத்தபோது, அந்தப் பயம் எவ்வளவு அற்பமானது என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஐந்தரைக்கு டாக்டர் வெளியே வந்தார். “தண்ணி கேட்டுக் குடிச்சா. வயித்துல நின்னுச்சு. இனி பயமில்ல.” ஆராயியைப் பார்த்து, “உங்களைத்தான் கேக்கறா,” என்றார்.

சிவரஞ்சனியைப் பார்த்தாள் ஆராயி. அவள் மறுக்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. கதவை விட்டுக் கொஞ்சம் விலகி மட்டும் நின்றாள்.

உள்ளே கட்டில் பெரிதாக இருந்தது, குழந்தை சின்னதாக இருந்தது. கையில் ஊசிமேல் பிளாஸ்திரி. பவித்ரா அவளைக் கிட்டே வரச் சொல்லித் தலையை அசைத்தாள். அம்மா வெளியே நிற்கிறாளா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டு, ரகசியமாகக் கேட்டாள்.

“ஏன் ஆன்ட்டி சொன்னீங்க? நான் யார்கிட்டயும் சொல்லலையே.”

சொல்லியிருக்கவே மாட்டாள் என்று ஆராயிக்குத் தெரிந்தது. சேலம் வரைக்கும் போகிற வழியில், மலையிறங்குகிற காரில், கேட்கிறவர் ஒவ்வொருவரிடமும் இந்தக் குழந்தை பல்லி என்றே சொல்லியிருப்பாள். ஆராயி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“தெரியும் கண்ணு,” என்றாள். “அதனாலதான் சொன்னேன்.”